கூரை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா?

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு 54 வயது. விடியற்காலையில் ஜீப்பில் கம்பம் மெட்டு ஏறி, ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறேன். சில மாதமாகத் தலைசுற்றல். பாயில் வலது பக்கம் புரண்டால் கூரையே சுற்றுகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். கொடியில் துணி போட அண்ணாந்தாலும் அப்படித்தான். தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. பித்தம் என்றார்கள், இஞ்சிச்சாறு குடித்தேன். கட்டப்பனையில் ஓர் ஆஸ்பத்திரியில் தலைக்கு ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்றார்கள். இங்கே ஒருவர் கழுத்து எலும்பு தேய்மானம் என்று பட்டை போட்டுவிட்டார். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். காரணம்தான் பிடிபடவில்லை.
- பெயர் வேண்டாம், கம்பம்

பதில்: ஸ்கேன் சொல்லாததை உங்கள் கடிதம் சொல்கிறது அம்மா. புரண்டால் கூரை சுற்றுவது வேறு, நிமிர்ந்தால் கண் இருட்டுவது வேறு. உங்களுக்கு இரண்டு கோளாறு சேர்ந்தே இருக்கலாம் என்பது என் சந்தேகம். எல்லாரும் ஒரே காரணத்தைத் தேடியதால்தான் பிடிபடாமல் போயிருக்கிறது.

முதலில் கூரை. உள்காதில் கால்சியத்தால் ஆன நுண்ணிய மணிகள் உண்டு. அவை இடம் பெயர்ந்து, பக்கத்தில் உள்ள அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால், தலையைத் திருப்பும்போதெல்லாம் அவை நகர்ந்து, உடம்பே சுழல்வதாக மூளைக்குப் பொய்ச் செய்தி போகும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். ஸ்கேனில் இந்த மணிகள் தெரியாது. கண்டுபிடிக்க ஒரு கட்டில் போதும். உட்கார வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்துக் கண்ணைப் பார்ப்போம். அந்தக் காதில் கோளாறு என்றால் சில நொடிகளில் கருவிழி துடித்துச் சுழலும். உங்கள் கடிதப்படி வலது காதாக இருக்கலாம். அமெரிக்க டாக்டர் ஜான் எப்லி 1992-இல் எழுதி வெளியிட்ட முறைப்படி, தலையை வரிசையாகச் சில நிலைகளில் திருப்பி மணிகளைப் பழைய இடத்துக்கே அனுப்பிவிடலாம். பலருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே சரியாகிவிடுகிறது. மொபைலில் வீடியோ பார்த்து நீங்களாகச் செய்ய வேண்டாம். எந்தக் காது என்று உறுதியாகட்டும், முதல் தடவை காது மூக்கு தொண்டை டாக்டர் கையால் நடக்கட்டும்.

கழுத்துப் பட்டை பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. காலமெல்லாம் தலைச்சுமை தூக்கியவர் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் தெரியாமல் இருக்குமா? எக்ஸ்ரேயில் தெரிவதெல்லாம் சுற்றலுக்குக் காரணம் ஆகிவிடாது. தலைசுற்றல் மாத்திரைகளும் அப்படித்தான்: மாதக்கணக்கில் விழுங்கினால் மணி நகராது, சிலவகை மாத்திரைகள் தூக்கத்தைத்தான் கூட்டும்.

அடுத்து, நிமிரும்போது வரும் இருட்டு. ஏலக்காய் செடியின் அடியில் தரையை ஒட்டிச் சரம் சரமாகக் காய்ப்பது. நாளெல்லாம் குனிந்தபடிதான் வேலை. எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கினால் கண் இருட்டும். ஒன்று கேட்கிறேன், கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்: தோட்டத்தில் கக்கூஸ் இல்லை என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கிறீர்களா? மலையேறிப் போகிற பெண்களில் பலர் இதைத்தான் செய்கிறார்கள். வெறும் வயிறு, தண்ணீர் இல்லை, அதன் மேல் பிரஷர் மாத்திரை என்றால் நிமிரும்போது தள்ளாடத்தான் செய்யும். படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் காரணம் கிடைத்துவிட்டது. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அளவை டாக்டர் மாற்றட்டும். ஹீமோகுளோபினும் பாருங்கள், 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை.

தோட்டத்தில் மருந்து அடித்த நாளில் மட்டும் கூடுகிறதா என்றும் கவனியுங்கள். சுற்றலோடு வியர்வை, எச்சில் ஊறுதல், பார்வை மங்கல் சேர்ந்து வந்தால் அது பூச்சிமருந்தின் வேலை. உடனே அங்கிருந்து விலகி, உடுப்பை மாற்றி, சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காதில் இரைச்சல், கேட்பது குறைதல், மணிக்கணக்கில் சுற்றல் இருந்தால் அது வேறு நோய், எனக்கு மறுபடி எழுதுங்கள். ஆனால் பேச்சுக் குழறினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், வாய் கோணினால், நிற்கவே முடியாமல் போனால் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டிருக்கலாம். 108-ஐக் கூப்பிடுங்கள். மெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்திலும் அதே எண்தான்.