மிஸ்டு காலும் தேவசித்தமும்

கேள்வி: நெய்யூர் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். வயது 27. குவைத்தில் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறேன். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார். மழைக்காலத்தில் அந்த வருமானமும் நின்றுவிடும். வீட்டுக் கடன் இருக்கிறது. அப்பா, அம்மா இருவருக்கும் சம்மதம். ஆனால் ஜெபக்குழு அக்கா, "நீ எகிப்துக்குப் போகாமல்" என்ற வசனத்தைக் கர்த்தர் எனக்காகத் தந்ததாகச் சொல்கிறார். சபையில் ஒரு பெரியவர், "சோமர்வெல் டாக்டர் லண்டனை விட்டு நெய்யூருக்கு வந்தார், நீ நெய்யூரை விட்டு குவைத்துக்கா?" என்கிறார். அங்கே வெள்ளிக்கிழமைதான் ஆராதனையாம், அது பாவமில்லையா என்றும் கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஏஜெண்டிடமிருந்து போன் வந்தால் அதுவே தேவசித்தம் என்று ஜெபித்தேன். அன்று ராத்திரி ஒரு மிஸ்டு கால்தான் வந்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வது? கர்த்தருடைய சித்தத்தை விட்டு விலகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பெயர் வேண்டாம், கல்குளம் வட்டம்

பதில்:

மக்களே, அந்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட்டாயா? கடிதத்தில் அதை மட்டும் எழுதவில்லை. முதலில் கூப்பிட்டு, என்ன விஷயம் என்று கேள்.

இப்போது எகிப்து. அக்கா சொன்னது ஆதியாகமம் 26ஆம் அதிகாரம். பஞ்சக் காலத்தில் கர்த்தர் ஈசாக்கிடம், "நீ எகிப்துக்குப் போகாமல், நான் உனக்குச் சொல்லும் தேசத்திலே குடியிரு" என்றார். அதே ஆதியாகமத்தில் இருபது அதிகாரம் தள்ளிப் போய்ப் பார். ஈசாக்கின் மகன் யாக்கோபுக்கு என்ன சொல்கிறார்? "நீ எகிப்துதேசத்துக்குப் போகப் பயப்படவேண்டாம்." அப்பனுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. மத்தேயு 2இல் யோசேப்பிடம், பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடிப்போகவே சொல்கிறார். அக்கா வேதத்தை வேறு பக்கத்தில் திறந்திருந்தால் நீ இந்நேரம் பெட்டி கட்டியிருப்பாய். ஈசாக்குக்குச் சொன்னது ஈசாக்குக்கு. அதைத் தூக்கி உன் விசாவின்மேல் வைக்க அக்காவுக்கு அதிகாரமில்லை.

அதற்காக அவரோடு சண்டைக்குப் போகவேண்டாம். உனக்காக முழங்காலில் நிற்கிற ஆள் அவர். தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள் என்று எழுதிய பவுல், அடுத்த வரியிலேயே எல்லாவற்றையும் சோதித்துப்பார்க்கச் சொல்கிறார். "அக்கா, உங்கள் வார்த்தையைக் கேட்டேன், யோசித்து ஜெபித்து முடிவெடுக்கிறேன்" என்று சொன்னால் போதும். அதற்குமேல் அவர் வற்புறுத்தினால் சபைப் போதகரிடம் பேசு.

சோமர்வெல் டாக்டர் கதை நம் மாவட்டத்துக்குப் பெருமைதான். 1922இல் எவரெஸ்ட் ஏறப் போனவர், அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும்போது நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். காத்துக்கிடந்த நோயாளிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஒரு சர்ஜன் திணறிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தார். லண்டனில் அவருக்கு இருந்த நல்ல எதிர்காலத்தை விட்டுவிட்டு இங்கே வந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு இருந்தார். பெரிய தியாகம். ஆனால் அது அவராக விரும்பிக் கொடுத்தது. அவர் கொடுத்ததை உன் கணக்கில் கடனாக எழுதுவது என்ன நியாயம்? அந்தப் பெரியவரிடம் இன்னொன்றும் சொல்லலாம்: அதே டாக்டர் 1924இல் மறுபடியும் எவரெஸ்ட் ஏறப் போனார். ஊழியத்துக்கு வந்தவருக்கு மலை எதற்கு என்று அன்றைக்கும் யாராவது கேட்டார்களோ என்னவோ!

தவிரவும், நம் மாவட்டத்தில் வளைகுடாப் பணம் வராத தெரு ஒன்றைக் காட்டச் சொல். அசன விருந்துக்கும் ஆலயத் திருப்பணிக்கும் அந்தப் பணத்தை வாங்கும்போது அது எகிப்து என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

வெள்ளிக்கிழமை ஆராதனைக்கு நீண்ட பதில் தேவையில்லை. குவைத்தில் வெள்ளி வார விடுமுறை, அதனால் சபைகள் அன்று கூடுகின்றன. ரோமர் 14இல் பவுல், நாட்களைக் குறித்து அவனவன் தன் மனதில் முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கட்டும் என்று விட்டுவிட்டார். கொலோசெயர் 2இல், ஓய்வுநாட்களைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக என்கிறார். சனிக்கிழமை நைட் டூட்டி முடித்து வந்து ஞாயிறு காலையில் நீ அசந்து தூங்கிய வாரங்களில் இவர்களில் யாராவது வந்து கேட்டார்களா?

அடையாளம் கேட்டதுதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது, ஏனென்றால் உன் பயம் அங்கேதான் இருக்கிறது. கர்த்தரிடம் அடையாளம் கேட்டுக் கிதியோன் களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டான், நானும் போட்டேன் என்று நினைத்திருப்பாய். நியாயாதிபதிகள் 6ஐ முழுதாக வாசி. தோல் போடுவதற்கு முன்பே கர்த்தர் "போ" என்று வாய்திறந்து சொல்லிவிட்டார். "தேவரீர் சொன்னபடி" என்று கிதியோனே ஒத்துக்கொள்கிறான். சித்தம் தெரியாமல் கேட்டவனல்ல அவன், தெரிந்தும் நம்ப முடியாமல் கேட்டவன். இரண்டாம் தடவை கேட்கும்போது, தேவனுக்குக் கோபம் வருமோ என்று நடுங்குகிறான். அதை எல்லா விசுவாசிக்கும் வழிமுறையாக வேதம் எங்கும் வைக்கவில்லை.

அப்போஸ்தலர் யூதாசின் இடத்துக்கு ஆள் எடுக்கச் சீட்டுப் போட்டார்கள். பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்குப் பிறகு அவர்கள் சீட்டுப் போட்டதாக ஓரிடத்திலும் இல்லை. எருசலேமில் பெரிய பிரச்சினை வந்தபோது உட்கார்ந்து பேசி, வாதாடி, "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதி அனுப்பினார்கள். "எங்களுக்கும்" என்று எழுத அவர்கள் கூச்சப்படவில்லை. பவுலுக்குத் துரோவா பட்டணத்தில் ஊழியத்துக்குக் கர்த்தராலே கதவு திறந்தது. உடன் ஊழியனான தீத்துவைக் காணவில்லை, மனசு அமைதியில்லை, அதனால் மக்கெதோனியாவுக்குக் கிளம்பிப் போய்விட்டார். திறந்த கதவையே விட்டுவிட்டுப் போனவரை வேதம் குற்றம் சொல்லவில்லை. கலியாணம் குவைத்தைவிடப் பெரிய காரியம் அல்லவா? விதவையானவள் தனக்கு இஷ்டமானவனை விவாகம்பண்ண விடுதலையாயிருக்கிறாள், ஆனால் அவன் கர்த்தருக்குட்பட்டவனாயிருக்கவேண்டும் என்று 1 கொரிந்தியர் 7 சொல்கிறது. வேலி ஒன்று இருக்கிறது. அதற்குள் "இஷ்டமானவனை" என்று எழுதியிருக்கிறது.

உனக்கும் அப்படித்தான். ஏஜெண்ட், "அனுபவச் சான்றிதழில் ஒரு வருஷம் கூட்டிப் போட்டுத் தருகிறேன்" என்றால் ஜெபிக்க எதுவுமில்லை. அது பொய், வேண்டாம் என்று சொல். அப்பா அம்மாவை அம்போவென்று விட்டுவிட்டுப் போவதாக இருந்தாலும் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். நீ போவதே அவர்களுக்காக. நோயாளியைக் கவனிக்கிற வேலை, வீட்டார் சம்மதம், அடைக்கவேண்டிய கடன், இதில் எந்தக் கட்டளை மீறப்படுகிறது? போனாலும் பாவமில்லை, இருந்தாலும் பாவமில்லை. போன பிறகு அங்கே கஷ்டம் வந்தால், "சித்தத்தை விட்டு வந்துவிட்டேன், அதற்குத் தண்டனை" என்றும் எண்ணாதே. பவுல் தேவசித்தப்படி போன ஊர்களிலும் அடி வாங்கினார்.

என்னைக் கேட்டால், போகலாம் என்பேன். ஆனால் அக்காவின் வசனத்தை வைத்துவிட்டு என் பதிலை எடுத்துத் தலைமேல் வைத்துக்கொள்ளாதே. இங்கேயே இருக்கத்தான் மனசு சொல்கிறது என்றால், அதற்கும் ஒரு வசனம் தேடிக்கொண்டிருக்கவேண்டாம்.

இனி ஏஜெண்டிடம் கேட்கவேண்டியவை. அவருக்கு அரசுப் பதிவு எண் இருக்கிறதா? பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்டால், அதற்காக இன்னொரு கடன் வாங்காமல் எழுந்து வந்துவிடு. நர்ஸ் வேலைக்குக் குவைத் போகிறவர்கள் 2015 முதல் இ-மைக்ரேட் என்ற மத்திய அரசின் இணையதளம் வழியாகக் குடியேற்ற அனுமதி பெற்றே போகவேண்டும். "விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்றால் ஒத்துக்கொள்ளாதே. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறது, அங்கேயும் விசாரி. ஒப்பந்தத்தில் சம்பளம், டூட்டி நேரம், தங்குமிடம், திரும்பி வரும் டிக்கெட் எல்லாம் எழுத்தில் இருக்கிறதா என்று அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசி. அசல் சான்றிதழ்களை ஏஜெண்ட் கையில் விட்டுவிட்டு வராதே.