வைரக் கோளும் ஒரு ‘லாம்’ விகுதியும்

கேள்வி: பூமியைவிட இரு மடங்கு பெரிதான, முழுவதும் வைரத்தாலேயே ஆன ‘55 கேன்க்ரி இ’ என்னும் கோளை நாசா கண்டுபிடித்திருப்பதாக வந்த செய்தித் துண்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். உலகமே வியக்கும் இச்செய்தியைப் பற்றித் தங்கள் இதழ் ஒரு வரிகூட எழுதாதது ஏன்? தமிழ் வாசகனுக்கு அறிவியல் இவ்வளவு போதும் என்று முடிவு செய்துவிட்டீர்களா?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானதுதான், முகவரிதான் தவறு. நீங்கள் அனுப்பிய துண்டில் தேதி இல்லை. ஆனால் அதிலுள்ள சரக்குக்குத் தேதி உண்டு; அது 2012 அக்டோபர். அடுத்த ஆண்டே அதன் அடித்தளம் ஆட்டங்கண்டுவிட்டது என்பதை அத்துண்டை அச்சிட்டவர் உங்களுக்குச் சொல்லவில்லை.

முதலில் கோளைப் பார்ப்போம். கடக விண்மீன் குழுவில், நல்ல இருட்டில் கூர்ந்து பார்த்தால் வெறுங்கண்ணுக்கே மங்கலாகத் தட்டுப்படும் 55 கேன்க்ரி என்ற விண்மீன், நம் சூரியனைவிடச் சற்றே சிறியதும் குளிர்ந்ததும் ஆகும். அது 41 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அதைச் சுற்றும் ஐந்து கோள்களில் உள்ளோரத்தில் இருப்பதே உங்கள் ‘வைரக் கோள்’. அதை 2004-இல் கண்டறிந்தது, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பார்பரா மெக்ஆர்தர் தலைமையிலான குழு. அதன் நிறை பூமியைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு. ஆரம் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு. இவ்வகைக் கோள்களை ‘சூப்பர் எர்த்’ என்று அழைப்பது அவற்றின் நிறையைக் கருதித்தானே ஒழிய, அங்கே பூமியின் சாயல் இருக்கிறது என்பதற்காக அன்று. தன் விண்மீனிலிருந்து வெறும் 23 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் சுற்றும் இக்கோளில் ஓர் ‘ஆண்டு’ பதினெட்டு மணி நேரத்துக்கும் குறைவு. அதன் வானத்தில் விண்மீன், நமக்குச் சூரியன் தெரிவதைவிட ஏறத்தாழ 60 மடங்கு அகலமாக நிற்கும்.

வைரம் எங்கிருந்து வந்தது? அப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த நிக்கு மதுசூதனும் அவருடைய குழுவினரும், அந்த விண்மீனில் ஆக்சிஜனைவிடக் கார்பன் அணுக்கள் மிகுதி என்று கூறிய முந்தைய அளவீடு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். விண்மீனும் கோளும் ஒரே வாயு, தூசு மேகத்திலிருந்து பிறந்தவை. ஆதலால் கோளிலும் கார்பன் மிகுந்திருந்தால், பூமியில் உள்ளதுபோன்ற சிலிகேட் பாறைகளுக்குப் பதிலாகக் கிராஃபைட்டும் சிலிக்கன் கார்பைடும் உருவாகி, உள்ளே நிலவும் பேரழுத்தத்தில் கோளின் நிறையில் மூன்றில் ஒரு பங்குவரை, கார்பனின் இறுகிய வடிவமான வைரமாக இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். கணக்கில் பிழையில்லை, கோளின் நிறையோடும் ஆரத்தோடும் அது பொருந்தவே செய்தது. ஆனால் அது ‘இருந்தால்’ என்று தொடங்கி ‘இருக்கலாம்’ என்று முடிந்த வாக்கியம். செய்தி அறைகளில் அந்த ‘லாம்’ உதிர்ந்து ‘இருக்கிறது’ ஆயிற்று, மூன்றில் ஒரு பங்கு ‘முழுவதும்’ ஆயிற்று, கோளுக்கு விலையும் போட்டாயிற்று. துண்டில் மின்னும் உருண்டையோ ஓர் ஓவியரின் கைவண்ணம். அக்கோளை இதுவரை எவரும் படமெடுத்ததில்லை.

2013-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஜொஹான்னா டெஸ்கேயும் உடன் ஆய்ந்தவர்களும் அவ்விண்மீனின் நிறமாலையை மறுபடி எடுத்து ஆராய்ந்தார்கள். விண்மீனின் ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும்போது குறுக்கே தெரியும் கருங்கோடுகளைக் கொண்டுதான் எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளக்கிறோம். முந்தைய அளவீடு ஆக்சிஜனுக்கு ஒரே ஒரு கோட்டை நம்பியிருந்தது. அந்தக் கோட்டின்மேலேயே நிக்கலின் கோடு ஒன்றும் ஏறி உட்கார்ந்திருப்பதால், எது யாருடைய பங்கு என்று பிரிப்பது கடினம். வேறு கோடுகளையும் சேர்த்து அளந்தபோது, பத்து ஆக்சிஜன் அணுக்களுக்கு ஏறத்தாழ எட்டுக் கார்பன் அணுக்களே இருந்தன. கார்பன் சூரியனில் உள்ளதைவிடக் கூடுதல்தான். ஆயினும் ஆக்சிஜனை மிஞ்சவில்லை. வைரம் அறவே இல்லை என்று இதனால் நிறுவப்படவில்லை, வைரம் என்று நினைக்க இருந்த முதன்மையான காரணம் போயிற்று, அவ்வளவே. அளவு திருத்தப்பட்டது, தலைப்பைத் திருத்த எவரும் மெனக்கெடவில்லை.

இக்கோளின் கணக்கில் இது முதல் திருத்தமும் அன்று. 2004-இல் அதன் சுற்றுக்காலம் 2.8 நாள் என்றே அறிவிக்கப்பட்டது. இரவில் மட்டுமே பார்க்க முடிவதால், ஏறத்தாழ ஒரு நாள் இடைவெளியிலேயே அளவுகள் கிடைக்கின்றன. திரைப்படத்தில் விரைந்தோடும் வண்டியின் சக்கரம் மெல்லச் சுழல்வதுபோல் தோன்றும் அதே மயக்கம் இங்கும் நேர்ந்தது. 2010-இல் வானியலாளர்கள் ரெபெக்கா டாசனும் டேனியல் ஃபாப்ரிக்கியும் அதே தரவுகளை மீண்டும் அலசி, உண்மைக் காலம் முக்கால் நாளுக்கும் குறைவு என்று காட்டினார்கள். மறு ஆண்டே, அவர்கள் சொன்ன கணக்குப்படி, கோள் விண்மீனின் முகத்தைக் கடந்து அதன் ஒளியில் சுமார் 3000-இல் ஒரு பங்கை மறைப்பது விண்வெளித் தொலைநோக்கிகளில் பதிவாயிற்று. எனக்குப் பிடித்த வியப்பு இதுதான். எந்த வைரமும் இதற்கு ஈடாகாது என்பது என் சொந்தக் கருத்து. நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

இன்றைய நிலை என்ன என்றும் கேட்பீர்கள். கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும்போது மொத்த ஒளி எவ்வளவு குறைகிறது என்பதை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியைக் கொண்டு அளந்த, வானியலாளர் ரென்யூ ஹூவின் குழு, 2024 மே மாதம் தன் முடிவை வெளியிட்டது. காற்றே இல்லாத வெறும் உருகிய பாறையாக இருந்தால் பகல் பக்கம் 2200 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கொதிக்க வேண்டும். அளந்ததோ சுமார் 1540. எங்கோ வெப்பம் கடத்தப்படுகிறது. எனவே, கீழே உள்ள பாறைக்குழம்பிலிருந்து கிளம்பும் கார்பன் மோனாக்சைடோ கார்பன் டைஆக்சைடோ நிறைந்த வளிமண்டலம் அங்கே இருக்கலாம் என்கிறார்கள். அந்த ‘லாம்’-ஐத் தயவுசெய்து கவனியுங்கள்.

வைரத்தை அள்ளிவரும் எண்ணம் உங்களுக்கு இருப்பின், வாயேஜர்-1 விண்கலம் செல்லும் வேகத்தில் போய்ச்சேர 7 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். உங்கள் துண்டைத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தலைப்பில் ‘வைரத்தால் ஆன கோள்’ என்பதை அடித்து, ‘வைரம் இருக்கலாம் என்று 2012-இல் கருதப்பட்ட கோள்’ எனப் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.