மரத்தோடு அலுமினியமும் வெட்ட வீட்டிலேயே சிஎன்சி ரவுட்டர் (கணினி கட்டுப்பாட்டில் வெட்டும் இயந்திரம்) செய்ய, எதிலிருந்து திட்டமிடுவது?

மோட்டார் தேர்வு பிறகு. முதலில் இயந்திரச் சட்டத்தின் விறைப்பைப் பாருங்கள். மரம் சற்று ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும். அலுமினியம் பொறுக்காது, கட்டர் அதிர்ந்து உடையும். ஒரு முனையில் மட்டும் பிடிப்புள்ள பகுதியின் நீளம் இரண்டு மடங்கானால், அதே விசைக்கு வளைவு எட்டு மடங்காகும். அதனால் இசட் அச்சின் (கட்டரை மேலும் கீழும் நகர்த்தும் பகுதி) தொங்கலையும் கேன்ட்ரியின் (மேசைக்குக் குறுக்கே நிற்கும் பாலம்) உயரத்தையும் தேவைக்கு மேல் வைக்காதீர்கள். ‘பின்னால் பயன்படுமே’ என்று பெரிய மேசைக்கு ஆசைப்படுவதுதான் திட்டத்தைக் கெடுக்கும் என்பேன்.

அச்சுகள் நகரும் பாதையாக இரு முனைகளில் மட்டும் தாங்கிய உருளைக் கம்பி வைத்தால் நடுவில் தொய்யும். முழு நீளமும் திருகிப் பொருத்தும் லீனியர் ரெயில் போடுங்கள். அப்புறம் அச்சை நகர்த்த பால் ஸ்க்ரூ (குண்டுகள் மேல் உருளும் திருகு), 5 மி.மீ. லீட் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) போதும். நிமிடத்துக்கு 24,000 சுற்று ஸ்பிண்டிலில் (கட்டரைச் சுழற்றும் மோட்டார்) அலுமினியத்துக்கு ஒற்றைப் பல் கட்டர், மெல்லிய வெட்டு, சீவலை ஊதித்தள்ளக் காற்று. எஃகை இதில் முயல வேண்டாம். அவசர நிறுத்தப் பொத்தானை வரைபடத்திலேயே சேர்த்துவிடுங்கள்.