அம்மிணி, அதுவும் பச்சை குத்துவதுதான்

கோபிச்செட்டிபாளையத்தில் 22 ஆண்டுகளாக அழகு நிலையம் நடத்துகிறேன். கடந்த ஏழு ஆண்டுகளாகப் புருவத்தில் நிறமி ஏற்றும் மைக்ரோபிளேடிங் வேலையும் செய்துவருகிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புருவத்தைப் பற்றியவை என்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

"அண்ணனுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளையின் சகோதரி செய்யும் இணைச்சீர்ச் சடங்கைச் செய்யப்போகிறவள் நான். கல்யாணத்துக்கு முந்தின வாரம் மைக்ரோபிளேடிங் செய்துகொள்ள ஈரோட்டில் நேரம் வாங்கியிருக்கிறேன். சரிதானே?"
– வாசகி, பெருந்துறை

சரியில்லை அம்மிணி. அந்த நேரத்தை இன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள்.

இணைச்சீர்க்காரியின் முகத்தை ஊரே பார்க்கும் என்பது எனக்குத் தெரியும். என் தம்பி கல்யாணத்தில் நானும் அந்த இடத்தில் உட்கார்ந்தவள்தான். அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பேனா போன்ற ஒரு கைப்பிடி. அதன் நுனியில், சீப்பின் பற்களைப் போல ஒரே வரிசையில் மெல்லிய ஊசிகள். மரத்துப்போகும் களிம்பைத் தடவி, அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, அந்த ஊசிகளை நிறமியில் தொட்டுத் தோலில் ஒவ்வொரு முடியாகக் கீறுகிறோம். தீட்டுவது, வரைவது என்று விளம்பரத்தில் எழுதுகிறார்கள். செய்கிற எனக்குத் தெரியும், அது கீறல். அறை அமைதியாக இருந்தால், பழைய நூல் சேலையை மெல்லக் கிழிப்பது போன்ற சத்தம்கூடக் காதில் விழும்.

காயம் என்றால் ஆறவேண்டும் அல்லவா? முதல் நாள் சிவந்து, லேசாக வீங்கி, நீங்கள் கேட்டதைவிட அடர்த்தியாக இருக்கும். அடுத்த இரண்டு மூன்று நாட்களில் இன்னும் கறுக்கும். ஐந்தாம் நாள் வாக்கில் பொருக்குத் தட்டி அரிக்கத் தொடங்கும். பிறகு திட்டுத் திட்டாக உதிரும். நீங்கள் மேடை ஏறப்போவது சரியாக அந்த நாளில்தான். கை தன்னையறியாமல் சொறியப் போகும். பொருக்கைப் பிய்த்தால் அதோடு நிறமும் போய்விடும், அந்த இடத்தில் வெள்ளை இடைவெளி விழும். எல்லாப் பொருக்கும் உதிர்ந்த பிறகோ, கொடுத்த பணம் வீணாகிவிட்டதோ என்று நினைக்கும்படி புருவம் வெளிறித் தெரியும். நிறம் நிதானமாக மேலே தெரிந்து நிலைக்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதன் பிறகு, நிறம் விட்டுப்போன இடங்களை நிரப்ப ஒரு முறை டச்-அப். எந்த விசேஷமாக இருந்தாலும் அதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பாகத் தொடங்குங்கள்.

பொருக்கு விழும்வரை புருவம் தண்ணீரில் ஊறக் கூடாது. ஆடிப்பெருக்குக்குப் பவானி கூடுதுறையில் முங்கி எழுவது, ஈரோடு மாரியம்மன் பண்டிகையில் மஞ்சள் நீராடுவது, இவற்றையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் நாள் குறிக்க வேண்டும். சென்ற ஆண்டு ஒரு பெண் ஆறாம் நாள் மஞ்சள் நீர் ஊற்றிக்கொண்டு வந்து நின்றாள். ஒரு புருவத்தில் சீழ் வைத்து, இரண்டு வாரம் தோல் மருத்துவரிடம் அலைந்தாள்.

இணைச்சீருக்கு நான்கு நாள் முன்பு நூலால் புருவம் திருத்திக்கொள்ளுங்கள். அன்று காலையில் அடர் பழுப்புப் பென்சிலால் நிரப்பி, மேலே அதே நிறத்தில் பவுடர் ஒற்றினால் வியர்வையில் எளிதில் கலையாது. உங்களுக்கு அது போதும்.

"பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. 'ஒரு முறை செய்தால் ஆயுளுக்கும் அழியாது, இந்த வாரம் மட்டும் பாதி விலை' என்று போனில் விளம்பரம் வருகிறது. 'இது பச்சை குத்துவதேதான்' என்று அம்மா சத்தம் போடுகிறார். யார் சொல்வது சரி?"
– வாசகி, திருப்பூர்

உங்கள் அம்மா சொல்வதுதான் சரி. அம்மாவைப் பெற்ற என் அம்மிச்சியின் வலது முன்கையில் பச்சை குத்திய ஒரு தேள் இருந்தது. நம்பியூரில் அவர் சிறு பெண்ணாக இருந்தபோது, வீடு வீடாக வந்த குறத்தி ஒருத்தி ஒரு படி கம்புக்குக் குத்திவிட்டுப் போனாளாம். அந்தக் காலத்தில் மஞ்சளையும் அகத்திக்கீரையையும் துணியில் சுருட்டித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, சட்டியில் படியும் கரியைக் குழைத்து ஊசியால் குத்துவார்கள். குத்தியது கறுப்புக் கரி. ஆனால் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தத் தேள் பச்சையாகத்தான் இருந்தது. கால் இரண்டு கரைந்து, கொடுக்கு மங்கிப் போயிருந்தது. கரி தோலின் ஆழத்தில் இறங்கிவிட்டால் வெளியே நீலமும் பச்சையுமாகத்தான் தெரியும். 'பச்சை' என்ற பெயரே அதனால் வந்தது என்பது என் எண்ணம்.

நாங்கள் செய்வதும் அதே வேலைதான், ஆழம் மட்டும் குறைவு. மேல்தோலைத் தாண்டி, உள்தோலின் மேற்பகுதியில், அரை மில்லிமீட்டருக்குள் நிறமி நிற்க வேண்டும். அதைவிட மேலே நின்றால் மேல்தோல் நான்கைந்து வாரத்தில் உதிரும்போது கூடவே போய்விடும். அதைவிடக் கீழே இறங்கினால் கோடுகள் பரவி, அம்மிச்சியின் தேளைப் போல நீலம் பாரித்துவிடும். இந்தக் கைப்பழக்கத்துக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். பாதி விலைக்கு ஒரே நாளில் பத்துப் பேரை உட்கார வைப்பவரிடம் அந்த நிதானம் இருக்க வழியில்லை.

ஆயுளுக்கும் அழியாது என்பதும் பொய். நன்றாகச் செய்தது ஓராண்டிலிருந்து இரண்டு மூன்று ஆண்டு வரை இருந்து மெல்ல மங்கும். உங்களைப் போல வெக்கையிலும் வியர்வையிலும் வேலை செய்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். அதே நேரம், சுத்தமாக அழிந்துவிடும் என்றும் யாரும் உறுதி தர முடியாது. சிலருக்கு ஒரு நிழல் தங்கிவிடுகிறது.

எண்ணெய் வழியும் சருமம் என்றால் முடி முடியாகக் கீறும் முறை வேண்டவே வேண்டாம். என் புருவமே சாட்சி. வேலை கற்றுக்கொண்ட இடத்தில், இன்னொரு மாணவிக்குப் பயிற்சியாக என் முகத்தைக் கொடுத்தேன். என் சருமம் எண்ணெய்ப் பிசுக்கு. எட்டு மாதத்தில் இடது புருவத்தின் வால் பகுதியில் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து சாம்பல் நிற இழுப்பாகிவிட்டன. இன்றும் வாடிக்கையாளர் யார் வந்தாலும் முதலில் பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து அதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். பார்த்துவிட்டுப் பலர் எழுந்து போயிருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. எண்ணெய்ச் சருமத்துக்கு மெஷினில் புள்ளி புள்ளியாக ஏற்றும் பவுடர் முறை ஓரளவு பொருந்தும்.

எங்கே செய்துகொண்டாலும் ஊசி வரும் உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். காலாவதித் தேதியைப் படியுங்கள். வேலை முடிந்ததும் அந்த ஊசி குப்பைக்குப் போகிறதா என்று பாருங்கள். ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசி இன்னொருவருக்கு மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைட்டிஸ் பி, சி, ஏன் எச்.ஐ.வி. வரை கொண்டுவரலாம். நிறமியைக் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துச் சோதித்து, சில நாள் கழித்து வரச் சொல்கிறவரிடம் நம்பி உட்காரலாம். 'அதெல்லாம் தேவையில்லை, இப்போதே முடித்துவிடலாம்' என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

"ஐந்து மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். செய்துகொள்ளலாமா?"
– வாசகி, பல்லடம்

பால் மறக்கடித்த பிறகு வாருங்கள். கர்ப்பிணிகள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், காயம் பட்டால் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்கள், வெண்புள்ளி இருப்பவர்கள் ஆகியோருக்கு நான் செய்வதில்லை. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்துகொள்ளக் கூடாது. என்னிடம் வருவதற்காக மாத்திரையை நிறுத்தவும் கூடாது. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டவர்கள் அதை நிறுத்தி ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும்.

"எனக்கு 54 வயது. இரண்டு வருடமாகப் புருவத்தின் கடைசிப் பகுதி உதிர்ந்து பாதிப் புருவம்தான் இருக்கிறது. மகள் பணம் தருகிறேன், வரைந்துகொள் என்கிறாள்."
– வாசகி, சிவகிரி

அக்கா, மகள் தரும் பணத்தில் முதலில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதை நான்கு முறை படித்தேன். வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு உதிர்ந்திருக்கிறது, உடம்பு பெருத்துவிட்டது, வெயில் காலத்திலும் போர்வை தேவைப்படுகிறது என்று வேறு எதற்காகவோ எழுதியிருக்கிறீர்கள். தைராய்டு சுரப்பு குறைந்தவர்களிடம் இவை சேர்ந்து வருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். டி.எஸ்.எச். என்ற சோதனையில் தெரிந்துவிடும். இரத்தசோகை இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். தைராய்டுதான் காரணம் என்றால், மாத்திரை தொடங்கிச் சில மாதத்தில் முடி திரும்ப வர வாய்ப்புண்டு. முளைக்கப்போகும் முடிக்கு மேல் நான் எதற்குக் கீற வேண்டும்?

எல்லோருக்குமாக ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். புருவ முடி உதிர்வதோடு, உடலில் எங்காவது உணர்ச்சியற்ற வெளிறிய திட்டு இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தொழுநோயின் அடையாளமாக இருக்கலாம். கூட்டு மருந்து இலவசமாகத் தருகிறார்கள், முழுமையாகக் குணமாகும். இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டு, புருவத்தை வரைந்து மறைத்துக்கொண்டு நாளைக் கடத்துவதுதான் ஆபத்து.

"வேறு ஊரில் செய்த புருவம் செங்கல் நிறமாகிவிட்டது. தோல் நிறச் சாயத்தை மேலே ஏற்றி மறைத்துவிடலாம் என்கிறார்கள்."
– வாசகி, கரூர்

அனுமதிக்காதீர்கள். நிறமிக் கலவையில் மற்ற நிறங்கள் முதலில் மங்கி, இரும்பு ஆக்ஸைடின் சிவப்பு கடைசிவரை தங்கிவிட்டதால் வந்த நிறம் அது. தோல் நிறச் சாயத்தில் வெள்ளைக்காக டைட்டானியம் டை ஆக்ஸைடு சேர்க்கிறார்கள். பின்னாளில் லேசர் வைத்து அழிக்கப் போனால் அந்த வெள்ளை கறுத்துவிடக்கூடும். செங்கல் நிறத்துக்கே லேசரில் அந்த அபாயம் உண்டு. ஆகையால் தோல் மருத்துவரிடம் போய், ஓரத்தில் சிறிய இடத்தில் சோதித்துப் பார்த்த பிறகே முழுப் புருவத்திலும் லேசர் வைக்கச் சொல்லுங்கள். எப்போதாவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், புருவத்தில் நிறமி இருப்பதை அங்கே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அபூர்வமாகச் சிலருக்கு அந்த இடம் சுடுவது போல இருக்கும்.

"மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி முடிந்து ஒரு மாதம் ஆகிறது. தலையில் துணி கட்டிக்கொள்கிறேன், அது பரவாயில்லை. புருவம் இல்லாத முகத்தைக் கண்ணாடியில் பார்க்க முடியவில்லை. உடனே செய்துகொள்ள வேண்டும்."
– வாசகி, அந்தியூர்

உங்கள் கடிதத்தை மூன்று நாள் மேசை மேலேயே வைத்திருந்தேன் கண்ணு. உடனே செய்கிறேன் என்று சொல்லத்தான் மனம் துடிக்கிறது. ஆனால் சொல்ல முடியாது. கீமோவுக்குப் பிறகு வெள்ளணுக்கள் தேறி வரும்வரை, ஒரு சிறு கீறல் வழியாகப் புகும் கிருமியைக்கூட உடம்பு தாங்காது. உங்கள் புற்றுநோய் மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் நான் ஊசியைத் தொடுவேன். இன்னொரு செய்தி, மகிழ்ச்சியானது: கீமோவில் போன புருவம் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தானே முளைக்கிறது. முதலில் பூனைமுடி போல வரும்.

அதுவரை தினமும் நீங்களே வரைந்துகொள்ள வழி சொல்கிறேன். முடி இல்லையென்றாலும் புருவ எலும்பு அங்கேதான் இருக்கிறது. விரலால் தடவினால் மேடு தட்டுப்படும். ஆச்சரியப்படுவது போல நெற்றியைத் தூக்குங்கள், புருவம் இருந்த இடம் அசைவது கண்ணாடியில் தெரியும். ஒரு பென்சிலை மூக்குச் சிறகின் ஓரத்தில் நேராக நிறுத்துங்கள். அது கண்ணின் உள்முனைக்கு மேலே தொடும் இடம் தொடக்கம். அதே பென்சிலைக் கருவிழியின் வெளி விளிம்பு வழியாகச் சாய்த்தால் வளைவு, கண்ணின் வெளிமுனைக்குச் சாய்த்தால் முடிவு. மூன்று இடத்திலும் புள்ளி வையுங்கள். புள்ளிகளை ஒரே கோடாக இணைத்துவிடாதீர்கள். கீழிருந்து மேலாகச் சின்னச் சின்னக் கீற்றுகளாக, முன்பக்கம் மெலிதாக, நடுவில் கொஞ்சம் அழுத்தமாக இழுங்கள். கறுப்பு வேண்டாம், அடர் பழுப்பு. கண்மை வேண்டாம், அது எண்ணெயில் பரவும்.

முதல் வாரம் இரண்டும் ஒன்றுபோல வராது. கை பழகப் பழக வரும். செவ்வாய்க்கிழமை எங்கள் கடைக்கு விடுமுறை, யாரும் இருக்க மாட்டார்கள். அந்தியூரிலிருந்து கோபிக்கு பஸ் ஏறி ஒரு செவ்வாய்க்கிழமை வாருங்கள். துணியைக் கழற்றி வைத்துவிட்டு உட்காரலாம். ஒரு பக்கம் நான் வரைந்து காட்டுகிறேன், மறுபக்கம் நீங்கள் வரையுங்கள்.