பின்சீட் பேக்: லிட்டருக்கு முன் கட்டும் இடத்தைப் பாருங்கள்

நெடும்பயண பைக்கில் பின்சீட்டின் மேல் கட்டும் பேக் வாங்குவது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

அண்ணா, தனியாகத்தான் போவேன். நாலைந்து நாள் பயணம். எத்தனை லிட்டர் வாங்கட்டும்?

துணிமணி, மழைக்கோட்டு, சின்னச் சின்னச் சாமான் மட்டும் என்றால் 30 லிட்டர் தாராளம். டென்ட், ஸ்லீப்பிங் பேக் சேர்ந்தால் 40 முதல் 50 வரை போகலாம். ஆனால் கடைக்குப் போகும் முன் டேப் எடுத்துப் பின்சீட்டை அளந்துவிடுங்கள். 45 செ.மீ. நீளம், 30 அகலம், 25 உயரம் உள்ள பேக் ஏறக்குறைய 34 லிட்டர் பிடிக்கும். பெரும்பாலான வண்டிகளின் பின்சீட்டில் இந்த அளவு அடக்கமாக உட்காரும். உயரம் 30 செ.மீ.யைத் தாண்டினால் காலைத் தூக்கிப் போட்டு ஏறி இறங்குவதே பெரும்பாடாகிவிடும். குறுக்காகப் போடும் உருளை வடிவப் பேக் என்றால் இருபுறமும் எவ்வளவு தொங்குகிறது, அது சைலன்சருக்கு மேலே வருகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

அளந்த கையோடு சீட்டைச் சுற்றி நான்கு உறுதியான பிடிமானம் இருக்கிறதா என்றும் தேடுங்கள்: கிராப் ரெயில், கேரியர் கம்பி, பில்லியன் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட், சீட்டுக்கு அடியில் அதைத் தாங்கும் கம்பிச் சட்டம் (சப்-ஃபிரேம்). நான்கு இடம் கிடைக்கவில்லை என்றால் அந்த வண்டியில் எவ்வளவு நல்ல பேக்கும் நிற்காது.

ஸ்ட்ராப்பை எவ்வளவு இறுக்கினாலும் 50 கி.மீ.க்குள் பேக் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஏன் சார்?

பெரும்பாலும் ஸ்ட்ராப் போகும் திசைதான் தப்பாக இருக்கும். நான்கும் நேராகக் கீழே இழுத்தால் பேக் சீட்டில் அழுந்துமே தவிர, முன்னும் பின்னும் நகர்வதை எதுவும் தடுக்காது. முன் இரண்டும் பேக்கை முன்னோக்கிச் சாய்வாக இழுக்க வேண்டும், பின் இரண்டும் பின்னோக்கி. மேலிருந்து பார்த்தால் பெருக்கல் குறி மாதிரி தெரிய வேண்டும்.

அடுத்தது ஸ்ட்ராப்பின் நாடா. நைலான் நாடா நனைந்தால் நீளும், பாலியெஸ்டர் அவ்வளவாக நீளாது. மழையில் மட்டும் பேக் தளர்கிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். 25 மி.மீ. அகல பாலியெஸ்டர் நாடா, நாடாவை இழுத்துவிட்டால் தானே பிடித்துக்கொள்ளும் கேம் பக்கிள், இந்த ஜோடிதான் என் சிபாரிசு. லாரிக்குப் போடும், கைப்பிடியை ஆட்டி இறுக்கும் ராட்செட் வேண்டாம். அதன் இழுவிசையில் மெல்லிய கேரியர் கம்பி வளைந்துவிடும், பேக்கின் தையலும் பிய்ந்துவிடும்.

கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிற்றை மட்டும் நம்பி முழுப் பாரத்தையும் கட்டவே கட்டாதீர்கள். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது அது நீண்டு கொடுக்கும், பேக் எழும்பி இடம் மாறும். கட்டும்போது கை நழுவினால் கொக்கி நேரே கண்ணைப் பார்த்துத்தான் வரும்.

கட்டிய பிறகு செய்ய வேண்டியவை: மிச்ச நாடாவைச் சுருட்டி வெல்க்ரோவால் கட்டுங்கள். தொங்கும் நுனி செயினிலோ சக்கரத்திலோ சிக்கினால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். காற்றில் நாடா படபடத்தால் அதை ஒரு அரைச் சுற்று முறுக்கி மாட்டுங்கள், அடங்கிவிடும். பேக்கைப் பிடித்து உலுக்கிப் பாருங்கள். பேக்கோடு வண்டியே ஆட வேண்டும், பேக் மட்டும் ஆடக்கூடாது. முதல் 20 கி.மீ.யில் நிறுத்தி மறுபடி இறுக்குவது கட்டாயம். உள்ளே துணி அமுங்கியிருக்கும்.

கேரியரில் எவ்வளவு எடை ஏற்றலாம்?

கேரியரிலேயே அச்சிட்டிருக்கும், இல்லையென்றால் வண்டியின் கையேட்டில் இருக்கும். பல கேரியர்களுக்கு வரம்பு 5 முதல் 10 கிலோதான். அதோடு வண்டியின் மொத்தச் சுமை என்று தனிக் கணக்கு உண்டு. உதாரணமாக, அனுமதித்த மொத்த எடை 370 கிலோ, பெட்ரோலோடு வண்டி 195 கிலோ என்றால் மிச்சம் 175. ஓட்டுபவர் ஹெல்மெட், ஜாக்கெட்டோடு 85, பின்னால் இருப்பவர் 65 போக, எல்லா சாமானுக்கும் சேர்த்து 25 கிலோதான். பேக், பெட்டி, அவற்றை மாட்டும் கம்பி எல்லாமே இதில் அடக்கம்.

பேக் கட்டினால் வேகத்தில் ஹேண்டில் ஆடுகிறது. பயமாக இருக்கிறது அண்ணா.

பயப்பட வேண்டிய விஷயம்தான், சரிசெய்யாமல் ஓட்டாதீர்கள். பின்சக்கர அச்சுக்குப் பின்னால் எடை ஏறினால் நெம்புகோல் மாதிரி முன்சக்கரத்தின் பாரம் குறைகிறது. ஹேண்டில் லேசாகி ஆட ஆரம்பிக்கிறது. டூல், பூட்டு, தண்ணீர் போன்ற கனமானவற்றைப் பின்சீட்டிலிருந்து எடுத்து டேங்க் பேக்கிலோ, சைடு பேக்கின் அடியில் இரண்டு பக்கமும் சமமாகவோ வையுங்கள். பின்சீட்டு பேக்கில் துணி, ஸ்லீப்பிங் பேக் மாதிரி லேசானவை மட்டும். பேக்கை முடிந்தவரை உங்கள் முதுகுப் பக்கம் தள்ளிக் கட்டுங்கள்.

பிறகு பின் சஸ்பென்ஷனின் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவைக் கூட்டி, டயர் காற்றைக் கையேட்டில் முழுச் சுமைக்குச் சொன்ன அளவுக்கு ஏற்றுங்கள். ராத்திரியில் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடித்தால் பின்பக்கம் இன்னும் தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஓடும்போதே ஆட்டம் வந்துவிட்டால் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், பிரேக்கை அடிக்காமல், ஆக்சிலேட்டரை மெல்லக் குறையுங்கள்.

ரெயின் கவர் வாங்கினால் போதாதா? முழு வாட்டர்ப்ரூஃப் பேக் அவசியமா?

ஊருக்குள் ஓட்ட கவர் போதும். நெடுஞ்சாலையில் காற்று கவருக்குள் புகுந்து பாய்மரம் மாதிரி உப்பும், சமயத்தில் பிய்த்துக்கொண்டு பறந்துவிடும். அடிப்பக்கமும் திறந்தே இருப்பதால் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் உள்ளே வந்து தேங்கும்.

தையல் போடாமல் துணியின் ஓரங்களைச் சூட்டில் ஒட்டி (வெல்டிங்), வாயைச் சுருட்டி மூடும் பேக்தான் நம்பகமானது. குறைந்தது மூன்று சுற்று சுருட்ட வேண்டும், அதனால் விளிம்பு வரை அடைக்காதீர்கள். பெட்டிக்குள் பெட்டி வைத்த மாதிரி, சாதாரணப் பேக்குக்குள் வாட்டர்ப்ரூஃப் லைனர் போடுவதும் அருமையான வழி: சேறு படிந்த வெளிப் பேக்கை வண்டியிலேயே விட்டுவிட்டு லைனரை மட்டும் தூக்கிக்கொண்டு அறைக்குப் போகலாம். ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ ஜிப்பை மட்டும் நம்பி லேப்டாப் வைக்காதீர்கள்.

600டி, 1000டி என்று போட்டிருக்கிறார்களே?

அது டெனியர்: 9000 மீட்டர் நூலின் எடை, கிராமில். எண் கூடினால் நூல் தடிமன். ஆனால் அதை வைத்து மட்டும் தரம் சொல்ல முடியாது. ஒரே டெனியரில் நைலான், பாலியெஸ்டரைவிட உராய்வைத் தாங்கும். நான் முதலில் பார்ப்பது ஸ்ட்ராப் மாட்டும் வளையம் தைத்த இடத்தைத்தான். அங்கே பெட்டி வடிவில் தைத்து நடுவில் குறுக்காகவும் தையல் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றைத் தையல் என்றால் வாங்க வேண்டாம்.

பெயின்ட் கீறாதா?

கீறும். பேக்குக்கும் பெயின்டுக்கும் நடுவே மாட்டும் தூசி உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். பேக் படும் இடத்தில் ஒளி ஊடுருவும் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டி, தினமும் கட்டும் முன் ஈரத்துணியால் துடையுங்கள்.

சைலன்சருக்குப் பக்கத்தில் தொங்கினால்?

பிவிசி பேக் என்றால் 80 டிகிரி செல்சியஸ் சுற்றிலேயே இளகிவிடும், நைலான் கூடுதலாகத் தாங்கும். எதுவானாலும் ஒரு கை நுழையும் இடைவெளி விட்டு, ஆள் உட்கார்ந்து சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையிலும் அந்த இடைவெளி இருக்கிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே பின்னால் போய் டெயில் லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் மறையாமல் இருக்கிறதா என்றும் அவரையே பார்க்கச் சொல்லிவிடுங்கள்.