ஸ்லாட் மெஷின் வந்தது, பள்ளிக்கூடத்துக்குப் பணம் வந்ததா? மேரிலாந்து வாக்கெடுப்பு: கேள்வி பதில்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இணையவழி கேசினோவை (சூதாட்டக் கூடத்தை) அனுமதிக்கும் மசோதா அடிக்கடி தலைகாட்டுகிறது. 2024-இல் கீழவை நிறைவேற்றியது, மேலவையில் முடங்கிப் போனது. சட்டமானாலும் மக்கள் வாக்கு இல்லாமல் அது நடைமுறைக்கு வர முடியாது. அதனால் 2008-இல் ஸ்லாட் மெஷினுக்காக (பணம் போட்டுப் பட்டனைத் தட்டி ஆடும் சூதாட்ட இயந்திரம்) நடந்த வாக்கெடுப்பைப் பற்றி நம்மவர்கள் நிறையக் கேட்கிறார்கள். அன்றைக்கு இங்கே வாக்களித்தவன் நான். கவுன்ட்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பள்ளி பட்ஜெட்டோடு பல வருடம் மல்லுக்கட்டியவனும்கூட. தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஃப்ரெடரிக்கிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, சட்டசபையே சட்டம் போட்டிருக்கலாமே? எதற்கு மக்களிடம் வந்தார்கள்?

போட்டிருக்கலாம்தான். எர்லிக் ஆளுநராக இருந்தபோது பலமுறை முயன்றார். கீழவை சபாநாயகர் மைக்கேல் புஷ் மசியவில்லை. அடுத்து வந்த ஓ'மாலிக்கு 170 கோடி டாலர் பற்றாக்குறை காத்திருந்தது. 2007 கடைசியில் சிறப்புக் கூட்டம் போட்டு, விற்பனை வரியை 5-லிருந்து 6 சதவீதமாக்கினார்கள். ஸ்லாட்டை மட்டும் அரசியல் சாசனத் திருத்தமாக்கி நம் தலையில் கட்டினார்கள். வரி கூட்டும்போது யாரும் நம்மைக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்! 2008 நவம்பர் 4, ஒபாமா ஜெயித்த அதே நாளில், சுமார் 59 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். ஐந்து இடங்கள், அதிகபட்சம் 15,000 மெஷின்கள்.

கொலம்பியாவிலிருந்து ஒரு அம்மா: மெஷினில் போகிற ஒரு டாலர் யார் யாருக்குப் போகிறது?

முதலில் ஒன்று. பங்கு பிரிப்பது நீங்கள் போடுகிற டாலரை அல்ல, பரிசு கொடுத்தது போக மிஞ்சுவதை. 2008 ஏற்பாட்டின்படி அப்படி மிஞ்சுகிற ஒரு டாலரில் 48.5 சென்ட் கல்வி நிதிக்கு, 33 சென்ட் கேசினோ நடத்துபவருக்கு. குதிரைப் பந்தயப் பரிசுத்தொகைக்கு 7, பந்தய மைதானப் பராமரிப்புக்கு 2.5, சுற்றுவட்டார ஊர்களுக்கு 5.5, லாட்டரித் துறைச் செலவுக்கு 2, சிறுதொழில்களுக்கு 1.5. பின்னால் நடத்துபவர் பங்கைக் கூட்டினார்கள், அது தனிக்கதை.

'90 சதவீதம் திருப்பிக் கொடுக்கிறதாமே, அப்புறம் என்ன நஷ்டம்' என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு சுற்றுக்கு 50 சென்ட். பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் மணிக்கு 600 சுற்று சாதாரணம். ஆக 300 டாலர் பந்தயம். அதில் 10 சதவீதம் என்றால் மணிக்கு 30 டாலர் கரைகிறது. பையில் 60 டாலரோடு போனவர் சராசரியாக இரண்டு மணி நேரத்தில் கார் நிறுத்துமிடத்தில் நிற்பார். 'பென்னி மெஷின்தானே, ஒரு சென்ட் ஆட்டம்தானே' என்று உட்காருகிறவர்கள் இந்தப் பெருக்கலைப் போடுவதில்லை.

ஜெர்மன்டவுன் வாசகர்: பள்ளிக்கென்று சொல்லித்தானே வாக்குக் கேட்டார்கள்? என் மகள் வகுப்பில் இன்னும் 28 பிள்ளைகள். பணம் எங்கே போனது?

நான் எதிர்பார்த்த கேள்வி. பணம் பள்ளிக்குத்தான் போனது, அதில் பொய் இல்லை. ஆனால் இப்படி யோசியுங்கள். பையன் ஸ்கூல் ஃபீஸுக்கு நீங்கள் மாதாமாதம் ஐயாயிரம் எடுத்து வைக்கிறீர்கள். 'பேரன் படிப்புக்கு' என்று மாமனார் ஐயாயிரம் தருகிறார். அதை ஃபீஸாகக் கட்டிவிட்டு, நீங்கள் எடுத்து வைத்ததை பைக் தவணைக்குத் திருப்பிவிடுகிறீர்கள். மாமனார் பணம் படிப்புக்குத்தான் போயிற்று, ரசீதும் இருக்கிறது. பையனுக்குக் கூடுதலாக ஒரு நோட்டுப் புத்தகம்கூட வரவில்லை.

இங்கே நடந்ததும் அதேதான். பள்ளிகளுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை 2002-ஆம் வருடச் சட்டத்தின் சூத்திரம் ஏற்கெனவே தீர்மானித்திருந்தது. அந்தத் தொகைக்குள்ளேயே கேசினோ பணத்தைப் போட்டார்கள். பொதுநிதியிலிருந்து வரவேண்டியதில் அந்த அளவுக்கு மிச்சமானது, வேறு செலவுகளுக்குப் போனது. சட்டமீறல் ஏதும் இல்லை. வாக்குச்சீட்டில் 'கல்விக்கு' என்றுதான் இருந்தது, 'கூடுதலாக' என்ற சொல் இல்லை.

அந்தச் சொல்லைச் சேர்க்கப் பத்து வருடம் ஆனது. 2018-இல் இன்னொரு திருத்தம் வந்தது, எல்லாரும் 'லாக்பாக்ஸ்', அதாவது பூட்டிய பெட்டி, என்பார்கள். சூத்திரத்துக்கு மேலே முதல் வருடம் 12.5 கோடி டாலர், அடுத்து 25 கோடி, பிறகு 37.5 கோடி, அதற்கப்புறம் முழுப் பங்கும் கூடுதலாகத்தான் போகவேண்டும். கிட்டத்தட்ட 89 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். அந்த எண்ணிக்கையிலேயே ஜனங்களின் கடுப்பு தெரிகிறது.

லாரலில் இருந்து: குதிரைப் பந்தயத் தொழிலைக் காப்பாற்றும் என்றார்களே?

பரிசுத்தொகை கூடியது உண்மை. ஆனால் லாரல் பந்தய மைதானக்காரர்கள் ஸ்லாட் உரிமத்துக்கான முன்பணத்தைக் கட்டாமல் வாய்ப்பைக் கோட்டை விட்டார்கள், ஆரண்டல் மில்ஸ் மாலுக்குப் போய்விட்டது. பால்டிமோரின் பிம்லிகோ பந்தய மைதானத்தை அரசே எடுத்து, 40 கோடி டாலர் கடன்பத்திரம் போட்டுப் புதுப்பிக்க 2024-இல் சட்டம் வந்தது. காப்பாற்றிய லட்சணம் அவ்வளவுதான்.

ஒரு வாசகர்: அனுமதிக்காவிட்டால் நம் பணம் பக்கத்து மாநிலமான டெலவேருக்குத்தானே போகும்?

டெலவேருக்கும் வெஸ்ட் வர்ஜீனியாவின் சார்ல்ஸ் டவுன் கேசினோவுக்கும் போய்க்கொண்டுதான் இருந்தது. வலுவான வாதம்தான், என்னை இழுத்ததும் அதுவே. 2010 செப்டம்பரில் முதலில் திறந்த கேசினோவும் டெலவேர் போகிற வழியில், ஐ-95 நெடுஞ்சாலை ஓரமாக, பெரிவில்லில்தான். 2012-இல் ஆறாவது கேசினோவுக்கும் சீட்டு மாதிரியான மேசை ஆட்டங்களுக்கும் மறு வாக்கெடுப்பு வந்தபோது வேடிக்கையைப் பார்க்க வேண்டுமே! சார்ல்ஸ் டவுன் கேசினோவின் சொந்தக்காரரான பென் நேஷனல் நிறுவனம் 'இல்லை' பக்கம், வாஷிங்டனை ஒட்டிய நேஷனல் ஹார்பரில் இடம் பிடிக்கக் காத்திருந்த எம்ஜிஎம் கேசினோ நிறுவனம் 'ஆம்' பக்கம். இரண்டு பக்கமும் சேர்ந்து 9 கோடி டாலருக்கு மேல் கொட்டின. டிவியைப் போட்டாலே பள்ளிப் பிள்ளைகள் படம்தான். சுமார் 52 சதவீதத்தில் தப்பிப் பிழைத்தது.

சில்வர் ஸ்பிரிங் அக்கா: அடிமையாகிறவர்களுக்கு என்ன ஏற்பாடு?

ஒவ்வொரு மெஷினுக்கும் வருடம் 425 டாலர் வாங்கி அதற்கென்று தனி நிதி வைத்திருக்கிறார்கள். 15,000 மெஷினும் ஓடினால்கூட 64 லட்சம் டாலரைத் தொடாது. மாநிலக் கேசினோக்களின் வருட வசூல் கிட்டத்தட்ட 200 கோடி டாலர். 'என்னை உள்ளே விடாதீர்கள்' என்று நாமே எழுதிக் கொடுக்கும் வசதியும் உண்டு, அது நல்ல ஏற்பாடு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஆரண்டல் மில்ஸ் கேசினோவுக்குள் போய்ப் பார்த்தேன். உறுப்பினர் அட்டையைச் சுருள் கயிற்றில் கோத்து, ஒரு முனை சட்டைப் பொத்தானில், மறுமுனை மெஷினில். அப்படி ஒரு வரிசை முழுக்க வயதானவர்கள். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றுகிற வார்டுதான் நினைவுக்கு வந்தது.

கேட்டன்ஸ்வில் பெரியவர்: நம் ஊர் லாட்டரிக் கதைதானே இது?

ஆமாம் ஐயா. 1968-இல் அண்ணா காலத்தில் தமிழ்நாடு அரசு பரிசுச்சீட்டு 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்றுதான் வந்தது. 2003-இல் ஜெயலலிதா ஆட்சியில் லாட்டரியையே தடை செய்தார்கள். ஒரு வித்தியாசம்: அங்கே திறந்ததும் மூடியதும் அரசு. இங்கே 2008 திருத்தத்தின்படி சூதாட்டத்தை விரிவாக்க நினைத்தால் ஒவ்வொரு முறையும் மக்களிடம் வந்தாக வேண்டும். 2020-இல் விளையாட்டுப் பந்தயத்துக்கும் அப்படித்தான் வந்தார்கள்.

மறுபடி ஃப்ரெடரிக் தம்பி: நீங்கள் எப்படி வாக்களித்தீர்கள்? அடுத்து?

2008-இல் ஆம். 2012-இல் இல்லை. 2018-இல் யோசிக்காமல் ஆம். இணையக் கேசினோ வாக்குச்சீட்டுக்கு வந்தால், அந்தப் பணமும் லாக்பாக்ஸுக்குள் வருகிறதா என்று மசோதாவைத் தேடிப் படிப்பேன். வராவிட்டால் என் வாக்கு 'இல்லை'. வந்தாலும் என் மனைவி வாக்கு 'இல்லை'தான். போனிலேயே சார்ல்ஸ் டவுனா என்கிறாள். அதற்கு என்னிடம் பதில் கிடையாது தம்பி.