கிளார்க் சுற்றுப்பாதை என்றால் என்ன? அதற்கு ஒரு நாவலாசிரியரின் பெயர் ஏன்?

நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள வட்டப்பாதை அது. அங்கே சுற்றும் செயற்கைக்கோள், தரையிலிருந்து பார்த்தால் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும்.

பூமியைவிட்டு விலக விலக, ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் கூடும். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்து விண்வெளி நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம். நிலவுக்கு 27 நாள். அப்படியானால் இடையில் ஓரிடத்தில் அந்த நேரம் பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போயாக வேண்டுமல்லவா? குடை ராட்டினத்தில் குழந்தையை உட்காரவைத்து, அதன் வேகத்துக்கே பக்கத்தில் நடந்துவரும் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் கண்ணுக்கு அம்மா நகர்வதே இல்லை. மொட்டை மாடி டிஷ் ஆன்டெனாவை ஒரே திசையில் முடுக்கிவைப்பதும் இதனால்தான்.

ஆர்தர் சி. கிளார்க் 1917இல் இங்கிலாந்தில் பிறந்தவர். போர்க்காலத்தில் விமானப்படையின் ரேடார் பிரிவில் இருந்தார். நாவலாசிரியராகப் பெயரெடுக்கும் முன்பே, 1945இல், இந்த உயரத்தில் மூன்று நிலையங்கள் இருந்தால் உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்று ஒரு வானொலி இதழில் எழுதினார். அங்கே ஆட்கள் தங்கி வேலை பார்ப்பார்கள் என்றும் எண்ணியிருந்தார், பாவம்! 1964இல் டோக்கியோ ஒலிம்பிக் காட்சிகள் அப்படியொரு செயற்கைக்கோள் வழியாகத்தான் கடல் கடந்தன. 1956இல் இலங்கையில் குடியேறியவர், கடலில் முக்குளித்து, திருகோணமலையில் கோணேசுவரக் கோயிலின் சிதைவுகளையும் கண்டார். 2008இல் கொழும்பில் மறைந்தார்.

செயற்கைக்கோளையே அவர்தான் கண்டுபிடித்தார் என்பது தவறு. இந்தப் பாதையைப் பற்றிக்கூட பொறியாளர் ஹெர்மன் பொடோச்னிக் 1920களிலேயே எழுதிவிட்டார், கிளார்க் விளக்கியது அதை உலகளாவிய ஒலிபரப்புக்குப் பயன்படுத்தும் வழியை.